தண்டவாளம் போன பின்

எந்த ஊரில் ரயில் பாதையைக் கண்டாலும் என் மாமனார் முதலில் குனிந்துதான் பார்ப்பார். மலையும் ஆறும் அவருக்கு அப்புறம். 2023 அக்டோபரில் பென்சில்வேனியாவில் மையர்ஸ்டேல் என்ற சிற்றூரின் பழைய ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனபோதும் அப்படித்தான். மேப்பிள் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிற்பது வருடத்தில் இரண்டு வாரமோ மூன்று வாரமோதான். அதைக் காட்டுவதற்காகவே பிட்ஸ்பர்க்கிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காரில் கூட்டிவந்திருந்தேன். அவரோ சைக்கிள்கள் ஓடிக்கொண்டிருந்த பாதையின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குடையின் முனையால் தரையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“ஜல்லி அப்படியே இருக்கிறது மாப்பிள்ளை. மேலே பொடியைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.”

சரியாகத்தான் சொன்னார். சுண்ணாம்புக்கல்லை மாவும் குருணையுமாக உடைத்துப் பரப்பி, நனைத்து, உருளை ஓட்டி இறுக்கிய மேல்தளம் அது. தார் கிடையாது, சிமென்ட் கிடையாது. மழை பெய்தால் சைக்கிளின் வயிற்றில் வெள்ளைச் சேறு அப்பும். காய்ந்தால் சக்கரம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பழைய ரயில்காரர்கள் போட்டுவிட்டுப் போனது.

மாமா ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, அந்தக் கேங்குக்குத் தலைவரான ‘மேட்’டாக ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தில் பாதி மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையிலேயே கழிந்தது. 2010 கடைசியில் அகலப் பாதை போடுவதற்காக அந்த லைனை மூடியபோது அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் தண்டவாளம் இல்லாத வெறும் கரையில் ஆடு மேய்வதைப் பார்த்துவிட்டு வருவார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது என்பார் என் மாமியார். 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் ரயில் திரும்பி வந்தது. அந்த ரயிலில் சென்னைக்குப் போய் விமானம் ஏறித்தான் எங்களிடம் வந்தார். விமானத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். ரயிலைப் பற்றி மூன்று நாள் சொன்னார்.

அப்படிப்பட்டவரைத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அதைக் கொண்டாடுகிற இடத்துக்கு அழைத்து வந்திருக்கிறேன் என்பது, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாண வீடு என்று சொல்லி இழவு வீட்டுக்குக் கூட்டி வந்த கதை.

அந்தப் பாதையின் பெயர் கிரேட் அலகேனி பாசேஜ். மேரிலாந்தின் கம்பர்லாந்து நகரத்திலிருந்து பிட்ஸ்பர்க் வரை 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். மோட்டார் வண்டிக்கு இடமில்லை. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், சில பகுதிகளில் பாதையோரப் புல்லில் குதிரை ஓட்டலாம். கம்பர்லாந்தில் இது முடிகிற இடத்தில் பழைய கால்வாய்க் கரைப் பாதை ஒன்று தொடங்கி, இன்னும் 297 கிலோமீட்டர் ஓடி வாஷிங்டனில் போய் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தால், அமெரிக்கத் தலைநகரத்திலிருந்து எங்கள் ஊர் வரை கார் தொந்தரவு இல்லாமல் சைக்கிளில் வந்துவிடலாம். வருகிறவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

நான் 2019இல் இதை முழுவதும் ஓட்டினேன். தனியாகத்தான். வீட்டில் யாரும் வரத் தயாராக இல்லை. பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் கேன்டீன் புளியோதரை மட்டும் கூட வந்தது, அதுவும் இரண்டு நாளைக்கு. பிட்ஸ்பர்க்கிலிருந்து விடியற்காலை ரயிலில் சைக்கிளோடு ஏறி, காலையில் கம்பர்லாந்தில் இறங்கி, அங்கிருந்து வீடு நோக்கி மிதிப்பது திட்டம். பலர் எதிர்த்திசையில் போகிறார்கள். கம்பர்லாந்திலிருந்து கிளம்பினால் முதல் 24 மைலும் ஏற்றம் என்பது காரணம். நான் கஷ்டத்தை முதலில் தீர்த்துக்கொள்கிற ஜாதி. பரீட்சையில்கூடப் பெரிய கேள்வியைத்தான் முதலில் எழுதுவேன்.

அந்த ஏற்றத்தில்தான் ரயில் பாதை என்றால் என்ன என்று எனக்குக் கால் வழியாகப் புரிந்தது. 24 மைலில் ஏறக்குறைய 1,750 அடி ஏறுகிறது. கணக்குப் போட்டால் சராசரியாக 72 அடி போனால் 1 அடி உயரும். கார் போகும் சாலை இதைவிடப் பல மடங்கு செங்குத்தாக ஏறி இறங்கும். நீராவி எஞ்சினால் அது முடியாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். நிலக்கரி நிறைந்த பெட்டிகளை இழுக்க வேண்டுமென்றால் மலையைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற வேண்டும். குறுக்கே பள்ளம் வந்தால் பாலம், மேடு வந்தால் வெட்டு, மலையே வந்தால் சுரங்கம். வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் கம்பெனி 1912இல் கம்பர்லாந்துக்கும் கானல்ஸ்வில்லுக்கும் இடையே இப்படி ஒரு பாதையை முடித்தது. எஞ்சினின் மூச்சுத்திணறலுக்காகச் செய்த அந்தச் சலுகையை நூறு வருடம் கழித்து, நாற்பத்தெட்டு வயதில் கணினி முன் உட்கார்ந்தே தொப்பை வளர்த்த ஒருவன் அனுபவித்தான். மூச்சு வாங்கியது, உண்மைதான். ஆனால் ஓரிடத்தில்கூட இறங்கித் தள்ளவில்லை.

ஏற்றத்தின் உச்சிக்குச் சற்று முன்னால் பிக் சாவேஜ் சுரங்கம் வருகிறது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். ‘சாவேஜ்’ என்றால் காட்டுமிராண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; அது ஒரு நில அளவையாளரின் பெயராம். 1730களில் பனியில் மாட்டிக்கொண்ட ஓர் அளவைக் குழு பசியில் சாகக் கிடந்தபோது, எனக்குக் கண் சரியாகத் தெரியாது, என்னைச் சாப்பிட்டு நீங்கள் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதாகவும், அதற்குள் உதவி வந்து சேர்ந்ததாகவும் கதை சொல்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இந்தச் சுரங்கத்தைச் சரிசெய்வது பாதை அமைத்தவர்களுக்குப் பெரிய செலவாகிவிட்டது. ரயில் நின்ற பிறகு கவனிப்பாரில்லை. கசியும் நீர் குளிர்காலத்தில் உறைந்து, உறைந்தது விரிந்து, உள்பூச்சையெல்லாம் பெயர்த்துவிட்டிருந்தது. இப்போது உள்ளே விளக்கு எரிகிறது. ஆனால் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை இரண்டு வாயையும் கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். குளிர்காற்று உள்ளே புகாவிட்டால் நீர் உறையாது, அவ்வளவுதான் சூத்திரம்.

சுரங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கிழக்குக் கண்ட நீர்ப்பிரிமேடு. உயரம் 2,392 அடி. ஒரு பக்கம் விழும் மழை அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது, மறுபக்கம் விழுவது ஒஹையோ, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு. அங்கிருந்து பிட்ஸ்பர்க் வரை மிச்சமிருக்கும் 126 மைலும் இறக்கம்தான். ஆனால் 400 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் இருப்பதால் இறக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது. மனதுக்கு மட்டும் தெரியும்.

பாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாலம், சுரங்கம், காட்சி என்று சொல்லிக்கொண்டு போவார்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் காசு இருந்தால் கட்டிக்கொள்ளக் கூடியவை. கட்ட முடியாதது ஒன்று உண்டு: சில பத்து அடி அகலத்தில், இருநூறு கிலோமீட்டர் நீளத்துக்கு, நடுவில் அறாமல் கிடக்கும் ஒரு நாடாத் துண்டு நிலம். இன்றைக்கு எந்த அரசாங்கமும் அதைப் புதிதாக வாங்கிவிட முடியாது. 1900களில் ரயில் கம்பெனிக்கு இருந்த பணமும் அதிகாரமும் அதைச் சேர்த்தன. சேர்த்த நிலத்தை ஒருமுறை துண்டு போட்டு விற்றுவிட்டால் முடிந்தது. ஒரு துண்டில் கோழிப்பண்ணை, இன்னொன்றில் பெட்ரோல் பங்க் என்று வந்துவிட்டால், மற்ற 199 கிலோமீட்டரும் யாருக்கும் பயனற்ற மேடு.

அமெரிக்காவில் 1916இல் ரயில் பாதை 2,54,000 மைல் இருந்தது. அதுதான் உச்சம். அதன் பிறகு லாரியும் நெடுஞ்சாலையும் வந்து, கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கி, லைன் லைனாக மூடினார்கள். இங்கேயே பாருங்கள்: ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்தக் கரையில் வெஸ்டர்ன் மேரிலாந்து, அந்தக் கரையில் பால்டிமோர் அண்ட் ஒஹையோ என்று இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டு ஓட்டின. 1970களில் இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஒரே முதலாளிக்கு எதற்கு இரண்டு பாதை? 1975இல் ஒன்றை மூடினார்கள். அக்கரைப் பாதை இன்றும் ஓடுகிறது; நான் கம்பர்லாந்துக்குப் போன ரயிலே அதில்தான் போனது.

மூடிய பாதையை நடைபாதையாக்கும் யோசனை அப்போதே பிறந்திருந்தது. 1963இல் மே தில்கார்ட் வாட்ஸ் என்ற தாவரவியல் ஆசிரியை, சிகாகோ நகரத்துப் பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதம்தான் இல்லினாய்ஸில் அப்படி ஒரு பாதைக்கு விதையானது. 1967இல் விஸ்கான்சினில் எல்ராய்க்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே மூன்று சுரங்கங்களோடு ஒரு பாதையைத் திறந்தார்கள். இன்று நாடு முழுவதும் இப்படிப்பட்ட பாதைகள் 40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன.

வழியில் நின்றது நிலத் தகராறு. அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் எல்லா நிலத்தையும் கிரயம் செய்துகொள்ளவில்லை. பல இடங்களில் வாங்கியது பாத்தியதை மட்டுமே. நம் ஊர்ப் பத்திரங்களில் ‘வண்டிப்பாதை பாத்தியம்’ என்று எழுதுகிறோமே, அதே வகை. ரயில் ஓடும் வரை பாதை கம்பெனியுடையது; ரயில் நின்றால் நிலம் விவசாயிக்குத் திரும்ப வேண்டும். ரயில் நின்றது, அடுத்த வாரம் ஊரார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்து நின்றால் விவசாயி என்ன செய்வார்? எங்கள் பக்கத்தில் வரப்பு அரை முழம் நகர்ந்தாலே அரிவாள் வெளியே வரும். அமெரிக்காவில் வக்கீல் வந்தார்.

1983இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தம் செய்தது. ரயில் கம்பெனி பாதையைக் கைவிடப் போகிறது என்றால், மாநிலமோ ஓர் அறக்கட்டளையோ முன்வந்து பொறுப்பேற்கலாம். அப்படிச் செய்தால் பாதை கைவிடப்பட்டதாகவே கருதப்படாது. பிற்காலத்து ரயிலுக்காக இருப்பில் வைத்திருப்பதாகக் கணக்கு. இடைக்காலத்தில் மக்கள் நடந்துகொள்ளலாம். இதை எதிர்த்து வெர்மான்ட்டிலிருந்து ஒரு தம்பதியர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1990இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சட்டம் செல்லும் என்றார்கள். நிலத்துக்காரர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். பாதைப் பிரியர்கள் இந்தத் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும்தான் சொல்வார்கள். எனக்கு இரண்டாம் பாதியும் பிடித்திருக்கிறது. சைக்கிள் ஓட்டுகிறவனின் சந்தோஷத்துக்குத் தன் நிலத்தைச் சும்மா கொடுத்தே தீர வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை.

மிசௌரி மாநிலத்துக் கேட்டி பாதை இந்தச் சட்டத்தின் பெரிய வெற்றி. 1986இல் வெள்ளம் ரயில் பாதையைச் சிதைத்தது, கம்பெனி கைகழுவியது. ஒரு முதலீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த டெட் ஜோன்ஸும் அவருடைய மனைவியும் 22 லட்சம் டாலர் கொடுத்து, மாநிலம் நிலத்தை வாங்கவும் பாதையை அமைக்கவும் உதவினார்கள். இன்று 386 கிலோமீட்டர். ஒரு கம்பெனி, ஒரு மாநிலம், பெரும்பாலும் ஒரே பேரம்.

எங்கள் பாதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே ரயில் நின்றது 1975இல். சட்டம் வந்தது எட்டு வருடம் கழித்து. மேற்குப் பென்சில்வேனியா இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1978இல் ஒரு பகுதியை வாங்கி வைத்தது. அன்றைக்கு அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரை இல்லை. 1986இல் ஒஹையோபைல் என்ற இடத்தில் முதல் துண்டைத் திறந்தார்கள், 15 கிலோமீட்டர்தான். பிறகு ஒவ்வொரு ஊரிலும் ஒரு சங்கம். ஏழு சங்கங்கள் சேர்ந்து 1995இல் ஒரு கூட்டமைப்பு. கானல்ஸ்வில்லுக்கு வடக்கே வேறொரு கம்பெனியின் பாதை. அதற்குத் தனிப் பேரம். 2006 கடைசியில் கம்பர்லாந்திலிருந்து மெக்கீஸ்போர்ட் வரை, ஏறக்குறைய 212 கிலோமீட்டர், இணைந்துவிட்டது. மிச்சம் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு இன்னும் ஆறரை வருடம் ஆயிற்று.

ஏன் என்றால், அது நகரம். காட்டில் ரயில் செத்திருந்தது. நகரத்தில் உயிரோடு இருந்தது. ஓடுகிற ரயில் பாதைகளுக்கும் ஆற்றுக்கும் இடையில், பழைய உருக்காலை நிலத்தில், ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவின் ஓரத்தில் என்று பத்தடி அகலத்துக்காகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மனோங்ககேலா ஆற்றின் மேல் ஒரு பழைய ரயில் பாலத்தை வாங்கினார்கள், தண்டவாளங்களுக்கு மேலே இரண்டு மேம்பாலம் கட்டினார்கள். 2013 ஜூனில் முடிந்தது. முதல் துண்டுக்கும் கடைசித் துண்டுக்கும் இடையில் 27 வருடம். அந்தச் சங்கங்களில் சேரும்போது நடு வயதில் இருந்தவர்கள் முடியும்போது தாத்தாக்கள்.

என்னுடைய நான்கு நாள் பயணத்தில் மிக அழகான பகுதி ஒஹையோபைல். மிக நெருக்கமாக இருந்தது அதற்குப் பிறகு வந்த அசிங்கமான பகுதி. ஆற்றின் பெயர் யாக்கியகேனி. ஆங்கில எழுத்தைப் பார்த்து யாரும் முதல் தடவையில் சரியாகச் சொல்ல முடியாது, உள்ளூர்க்காரர்கள் ‘யாக்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். கானல்ஸ்வில்லைத் தாண்டினால் புதருக்குள் தேன்கூடு வடிவத்தில் செங்கல் அடுப்புகள் தெரியும். நிலக்கரியைக் கல்கரியாக்கிய உலைகள். ஓரிடத்தில் பாறையிலிருந்து வடியும் நீர் செம்மண் குழம்பாகக் கரையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் படிந்திருக்கும். கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வரும் இரும்பு அது. வான் மீட்டர் என்ற இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. 1907 டிசம்பரில் டார் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 239 பேர் செத்தார்கள், பலர் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த கூலிகள். பலகையைப் படித்துக்கொண்டிருந்தபோது வண்ண உடை போட்ட ஒரு கூட்டம் மணி அடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனது. தப்பில்லை. நானும் அப்படித்தான் கடந்திருப்பேன். டியூபில் காற்று இறங்கியதால் நின்றவன்தானே.

பிட்ஸ்பர்க்குக்குள் நுழையும்போது ஹோம்ஸ்டெட். 1892இல் கார்னகியின் உருக்காலைத் தொழிலாளர்கள், தங்களை அடக்க ஆற்று வழியாகத் தோணியில் வந்த தனியார் காவலாட்களோடு மோதிய இடம். ஆலை 1986இல் மூடியது. இப்போது அங்கே வணிக வளாகம். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஆலையின் புகைபோக்கிகளை மட்டும் வரிசையாக விட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் வரும் பாலத்துக்குப் பெயரே ‘காய்ச்சிய உலோகப் பாலம்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. உருகிய இரும்பைக் கொப்பரையில் ஊற்றி ரயிலில் அக்கரைக்குக் கொண்டுபோன பாலம். அதில் நான் தண்ணீர் பாட்டிலோடு போனேன்.

இதையெல்லாம் மையர்ஸ்டேலில் மாமாவிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் சாலிஸ்பரி மேம்பாலம். மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரம். எனக்கு ஒரு மணி, அவரோடு போனால் இரண்டு. பாதையோரத்தில் அரைப் பாகம் புதைந்த ஒரு கான்கிரீட் கம்பம் தெரிந்தது; அதில் W என்று ஓர் எழுத்து. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“விசில் போர்டு! இங்கேயும் இதே எழுத்துதானா?”

டிரைவர் அங்கே ஊத வேண்டும், முன்னால் கேட் இருக்கிறது என்று எனக்கு விளக்கினார். கேட் இருந்த இடத்தில் இப்போது ஒரு மண்சாலை குறுக்கே போனது. அங்கே நின்று இருபக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டினார்.

ஒரு வெட்டுக்குள் பாதை நுழைந்தது. இரண்டு பக்கமும் பாறை, கால்வரை உதிர்ந்த இலை. பக்கவாட்டு வடிகாலில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கி, பாதையின் விளிம்பு ஊறிக் கருத்திருந்தது. மாமா பேச்சை நிறுத்தினார். குடையைக் கொடுத்துக் கொக்கிபோல இழுத்து, பிறகு அது போதாமல் செருப்புக் காலாலேயே தள்ளி, சிறுபாலத்தின் வாயிலிருந்து இலைக் குப்பையை வெளியே எடுத்தார். தண்ணீர் ஒருமுறை குமிழியிட்டு, உள்ளே இறங்கியது.

“மாமா, விடுங்கள். அதற்கு ஆள் இருப்பார்கள்.”

“ஆள் வருவதற்குள் கரை போய்விடும். ரயிலோ சைக்கிளோ, பாதைக்குத் தண்ணீர்தான் எமன்.”

ஆளும் வந்தார். கையில் இலைவாரி, ஆரஞ்சு நிற அங்கி, மாமாவைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். தேங்கிய தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததையும் மாமாவின் ஈரச் செருப்பையும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். அடுத்த பத்து நிமிடம் என்னை மொழிபெயர்க்கக்கூட விடவில்லை. மாமா குடையால் தரையில் கோடு போட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று காட்டினார். அவர் தலையசைத்து, இலைவாரியின் காம்பால் இன்னொரு கோடு போட்டார். கிளம்பும்போது நான் மாமாவிடம் சொன்னேன்: இவர் ஊர்ச் சங்கத்துத் தொண்டர், சம்பளம் கிடையாது, வாரத்தில் ஒரு நாள் வருகிறவர், இந்த 240 கிலோமீட்டரும் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள் கையில்தான் இருக்கிறது.

“சம்பளம் இல்லாத கேங்கா?” என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, “மேட் யார்?” என்றார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

வழியில்தான் அவருடைய வாதத்தையும் வைத்தார். போடி லைனை 1928இல் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கினார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010இல் மறுபடி பிடுங்கி, பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி போட்டார்கள். “இரண்டு தடவை போனதும் இரண்டு தடவை வந்தது மாப்பிள்ளை. ஏன் வந்தது? கரையை யாரும் விற்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடமும் ஆடுதான் மேய்ந்தது, வீடு கட்டவில்லை.”

நான் சட்டம், தீர்ப்பு என்று அரைப் பக்கம் எழுதியதை அவர் ஆட்டை வைத்துச் சொல்லி முடித்துவிட்டார். இங்கேயும் அதே கதைதான், ஆட்டுக்குப் பதில் சைக்கிள் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “சைக்கிள்காரன் எழுந்து வழிவிடுவானா? ஆடு விடும்.” அதில் நியாயம் இருக்கிறது. இருப்பில் வைத்திருக்கிறோம் என்று சட்டம் சொன்னாலும், ஊர்கள் இப்படிப்பட்ட பாதைகளை நம்பி விடுதியும் சாப்பாட்டுக் கடையும் சைக்கிள் கடையும் திறந்துவிட்ட பிறகு, நாளைக்கு ஒரு ரயில் கம்பெனி வந்து கேட்டால் என்ன ரகளை நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் சைக்கிள் பயணத்தில் ராக்வுட் என்ற ஊரில் எனக்கு அறை கொடுத்த அம்மாள், காலையில் ரொட்டி சுட்டுக்கொண்டே சொன்னார்: இந்த வீட்டை வாங்கும்போது தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது என்று. அவரிடம் போய் ரயில் வரப் போகிறது என்று யார் சொல்வது? நானாக இருக்க மாட்டேன்.

சாலிஸ்பரி மேம்பாலம் 1,908 அடி நீளம். கீழே காசல்மன் ஆறு, நெடுஞ்சாலை, சோளக்காடு, அப்புறம் அந்த இன்னொரு ரயில் பாதை. ஆற்றுக்கு மேலே 101 அடி உயரம். மாமா கைப்பிடிக் கம்பியைத் தட்டிப் பார்த்தார். இரும்புத் தூண்களை எட்டிப் பார்த்து, ஆணிகளை எண்ணுவதுபோல் உதட்டை அசைத்தார். பெயின்ட் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார்.

அப்போது தூரத்தில் ஹாரன் கேட்டது. கீழே சரக்கு ரயில். மூன்று எஞ்சின், அதற்குப் பின்னால் கன்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வண்டிகள், எங்கள் காலுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தன. சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் நின்று படம் எடுத்தார்கள். மாமா கம்பிக்குப் பக்கத்தில் நேராக நின்றுகொண்டு எண்ணினார். ரயில் ஆடுகிறதா, எங்காவது புகைகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று கண் ஓடியது. “நூற்றுப் பதினான்கு,” என்று சத்தமாகச் சொன்னார். வண்டி முடியப் போகிறது என்று தெரிந்ததும் வலது கையை உயர்த்தினார். எனக்கு அந்தச் சைகை தெரியும். போடி லைனில் கேட்டில் நிற்கிறவரும் வேலை செய்யும் கேங்கும் கடைசிப் பெட்டியைப் பார்த்துக் கை காட்ட வேண்டும். எல்லாம் ஆல்ரைட் என்று கார்டு பதிலுக்குப் பச்சைக்கொடி அசைப்பார்.

கடைசி வண்டி வந்தது. அதில் கார்டு பெட்டி இல்லை. கொக்கியில் ஒரு சின்னக் கருவி மட்டும் மாட்டியிருந்தது. வளைவில் திரும்பி மறையும் வரை மாமா கையை இறக்கவில்லை.